கியர் ஆயில் நீங்கு படலம்

நூல் செய்யப் புகுபவன் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும், அதில் எட்டுச் செய்தி அடங்க வேண்டும் என்பது நன்னூலார் காட்டிய முறை. ஆக்கியோன் பெயர் முதலாவது. இந்நூலால் புகழ் வரும் என்று தோன்றாததால் அதை விட்டுவிடுகிறேன். வழி: கம்பெனிக் கையேடும் பக்கத்துத் தெரு மெக்கானிக்கும். இருவரும் மாறுபடும் இடத்தில் மெக்கானிக் சொன்னதே கொள்ளப்பட்டது. அவர் நேரில் இருந்தார். எல்லை: வடக்கே வாசல் கேட், தெற்கே துவைக்கிற கல், கிழக்கே மோட்டார் ரூம், மேற்கே பக்கத்து வீட்டுக்காரர் தம்முடையது என்று சொல்லும் இரண்டடி நிலம். யாப்பு: உரைநடை, இடையிடையே வசவு. நுதலிய பொருள்: ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸ் திரவத்தை வீட்டிலேயே மாற்றுதல். பயன்: ஷெட்டுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம். மிச்சமான கூலி எங்கே போயிற்று என்பது பின்னர் உரைக்கப்படும்.

அத்திரவத்துக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்று முதலில் விரும்பினேன். ‘தானியங்கிப் பல்லிணைச் செலுத்த நெய்மம்’ என்று நானே ஆக்கி, உதிரிபாகக் கடையில் அப்படியே கேட்டேன். கடைக்காரர் என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, “அது நாட்டு மருந்துக் கடையில கெடைக்கும் சார்” என்றார். ஏடிஎஃப் என்றதும் எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் அதையும் சொல்வதில்லை. அவருக்கு அது கியர் ஆயில். தலைப்பில் அவர் வழக்கைப் பின்பற்றியிருக்கிறேன்.

கேட்போர் யார் என்பதில் சிறிது நிற்க வேண்டியிருக்கிறது. இடது காலுக்கு வேலையில்லாத கார் வைத்திருப்போர் எல்லோரும் இந்நூலுக்கு உரியவர் என்று கருதுவோர் உளர். அஃது அங்ஙனமன்று. சைவ சித்தாந்திகள் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்தது போலவே ஆட்டோமேட்டிக் கார்களையும் வகுத்துக்கொள்வது நல்லது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவோடு நம் தெருக்களில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, புறப்புறச் சமயம். அதன் உள்ளே இருப்பது சாதாரணக் கியர் பாக்ஸ். கிளட்ச் மிதிப்பதும் கியர் போடுவதும் ஓட்டுநருக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. அதற்கு வேண்டியது சாதாரணக் கியர் ஆயில்தான். இரட்டைக் கிளட்ச் பெட்டி புறச் சமயம். அதற்குத் தனி ஆயில், தனிக் கவலை. சிவிடி அகப்புறம். ஜப்பானியர் செய்யும் சிவிடிகளில் பெரும்பாலானவை வாசலில் டார்க் கன்வெர்ட்டரை வைத்திருப்பதால் தோற்றத்தில் நம்மவர் போலவே இருக்கும். உள்ளே போனால் பல்சக்கர அடுக்குக்குப் பதில் இரண்டு கப்பியும் ஓர் இரும்புப் பட்டையும். அதற்கென்று உள்ள திரவத்துக்குப் பதிலாக ஏடிஎஃப் ஊற்றினால் பட்டை வழுக்கும், கப்பி கீறும், பெட்டி போகும். டார்க் கன்வெர்ட்டரும் படிப்படியான கியர்களும் உள்ள பழைய மரபு ஆட்டோமேட்டிக்கே அகச் சமயம். இந்நூல் அவர்களுக்கே உரியது. மற்றவர் படிக்கலாம், ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

திரவத்தின் இயல்பு

என்ஜின் ஆயில் ஒரு வேலைக்காரர். தேய்மானத்தைக் குறைப்பார், கொஞ்சம் சூடு தணிப்பார். ஏடிஎஃப் அப்படியல்ல. அது ஐந்தொழில் செய்வது.

என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே கெட்டியான பிணைப்பு இல்லாமல், ஆற்றலைத் திரவத்தின் வழியே கடத்துவது முதல் தொழில். எதிரெதிரே இரண்டு மேசை விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் போட்டால் மற்றதும் சுழலுமே, அதுதான். காற்றுக்குப் பதில் ஆயில். மேலே சொன்ன டார்க் கன்வெர்ட்டர் இதுவே. 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர்; அவர் கவலைப்பட்டது காரைப் பற்றி அல்ல, கப்பலைப் பற்றி. வேகமாகச் சுற்றும் டர்பைனை மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு சேர்க்க வழி தேடினார். அவர் கண்ட வழி பிற்பாடு தி. நகர் சிக்னலில் வந்து நிற்கிறது. கார் நின்றாலும் என்ஜின் அணையாமல் இருப்பது இந்தத் தொழிலால். ஆகவே இது படைத்தல்.

பற்களும் தாங்கிகளும் உரசாமல் உயவு தருவது காத்தல். பிறந்த வெப்பத்தைக் கூலருக்குச் சுமந்து சென்று ஒழிப்பது அழித்தல். நான்காவது நுட்பமானது. பெட்டியின் அடியில் வால்வு பாடி என்று ஒரு அலுமினியப் பாளம் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு மார்கழி மாதத்துச் சிக்குக் கோலம் நினைவுக்கு வரும். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் இழைகள் போல அத்தனை வாய்க்கால்கள். அவற்றுக்குள் ஆயில் அழுத்தத்தோடு ஓடி, எந்தக் கியர் எப்போது என்ற முடிவை நடத்திவைக்கிறது. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே மறைத்தல். ஐந்தாவது, கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளச் செய்வது. பற்றாமல் இருக்கும்போது வழுக்கவும், பற்ற வேண்டிய கணத்தில் வழுக்காமலும் இருக்க வேண்டும் என்பது எண்ணெயிடம் கேட்கக் கூடாத ஒன்று. கேட்கிறோம், தருகிறது. இதை அருளல் என்னாமல் வேறு என்னவென்பது?

இந்த ஒப்புமையை மெக்கானிக்கிடம் விரிவாகச் சொன்னேன். “லீக் இருக்கான்னு பார்த்தீங்களா சார்?” என்று கேட்டார்.

அருளலுக்காகச் செத்த பிராணி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போவது முறையன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிமுகம் செய்து 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வைத்த ஹைட்ரா-மேட்டிக்தான் பெருமளவில் உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக். போர் வந்தது, எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள்ளும் இதே பெட்டி ஏறி அமர்ந்தது. போருக்குப் பின் 1949-இல் அந்நிறுவனம் ‘டைப் ஏ’ என்று ஒரு திரவ இலக்கணம் வகுத்தது. வழுக்குவதையும் பற்றுவதையும் ஒருசேரச் செய்ய அதில் சேர்த்த பொருள்களில் ஒன்று ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். ஆம், நம் கடற்கரை ஊர்களில் ‘கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள திமிங்கில எச்சம் பிடிபட்டது’ என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதை எச்சமிட்ட அதே பிராணி. அமெரிக்கக் குடும்பஸ்தர் ஒருவர் கிளட்ச் மிதிக்காமல் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வர, கடலில் ஒரு மண்டை உடைய வேண்டியிருந்தது. 1960-களின் பிற்பகுதியில் டெக்ஸ்ரான் வந்த பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெயைத் தடை செய்தது. திமிங்கிலங்கள் மூச்சு விட்டன. கியர் பாக்ஸ்கள் திணறின. அடுத்து வந்த டெக்ஸ்ரான் II-சி, ஆயில் கூலரின் பற்றவைப்பையே அரிக்கக் கூடியதாக அமைந்துவிட்டது. அதைத் திருத்தி II-டி வந்தது. பிறகு III. பிறகு 2005-இல் VI. மூன்றாவதன் உரிமங்கள் 2006-ஓடு முடிந்தன, புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பெயர் பொறித்த டப்பாக்கள் இன்றும் கடைகளில் நிற்கின்றன. மன்னர் மானியம் ஒழிந்த பின்னும் லெட்டர்பேடில் ‘ராஜா’ இருப்பது போல.

நிறம் பற்றி. ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு எந்தத் தொழிலும் இல்லை. ஒழுகினால் என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறியச் சேர்த்த சாயம். பச்சையும் நீலமும் உண்டு, ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்குவது குங்குமம் வாங்குவோருக்கு மட்டுமே பொருந்தும். பழக்கத்தில் நிறம் மாறும் வரிசை: ரோஸ் சிரப், நன்னாரி, வெல்லப்பாகு, டிகாஷன். டிகாஷனாகி, கருகிய வாடையும் வந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்து எரிகிறது என்று பொருள். இவ்வரிசையில் சேராத ஒரு நிலை ரோஸ் மில்க். பார்க்க அழகாக இருக்கும். தண்ணீரோ கூலன்ட்டோ உள்ளே கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற கார்களில் இந்த நிறத்தைக் கண்டவர்கள் அதன்பின் அந்தப் பானத்தை அவ்வளவாக விரும்புவதில்லை.

ஆயுள் என்னும் சொல்

சில கையேடுகள் இத்திரவத்தை மாற்றவே வேண்டாம், இது ‘ஆயுட்காலத்துக்கு நிரப்பப்பட்டது’ என்கின்றன. இச்சொல்லுக்குப் பொருள் காண்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர். யாருடைய ஆயுள்? காருடையது எனில், கியர் பாக்ஸ் போன அன்றே காரின் ஆயுள் முடிந்தது என்று கொண்டால் கூற்று எப்போதும் மெய்யாகிவிடும். அளவை நூலார் இதனை வட்டம் என்பர். உரிமையாளருடையது எனில் அபசகுனம். இங்கே ஆயுள் என்பது ஆகுபெயர். வாரண்டியின் ஆயுளைக் கியர் பாக்ஸின் மேல் ஏற்றிச் சொன்னது. இலக்கண நூல்கள் கூறும் ஆகுபெயர் வகைகளுள் இது அடங்காமையின் ‘வணிகவாகு பெயர்’ எனப் புதிதாக ஒன்று கொள்க.

இதற்கு மேற்கோள் வேண்டுமாயின், கியர் பாக்ஸ் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டில் ஆயில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைப் பெற்றவள் ஒன்று சொல்கிறாள், கட்டிக்கொண்டு போனவர்கள் வேறு சொல்கிறார்கள். நான் பெற்றவள் பக்கம்.

அந்தக் கணக்கும் ஐரோப்பியச் சாலைக்கு. திரவத்தைக் கெடுப்பது தூரத்தை விட வெப்பம். ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் வாய்பாடு. அமெரிக்கக் கையேடுகள் சில ‘கடும் பயன்பாடு’ என்ற தலைப்பில், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஓட்டுவது, நெடுநேரம் நின்று நின்று போவது ஆகியவற்றைப் பேரிடர் போல அடைமொழியோடு குறிப்பிடுகின்றன. 32 டிகிரி என்பது சென்னையில் மாசி மாதம். நின்று நின்று போவது என்பது வேளச்சேரி. நம் ஊரில் கடும் பயன்பாடு அல்லாத பயன்பாடு எது என்று யோசித்தேன். காரை வாங்கிய அன்று கடையிலிருந்து பிள்ளையார் கோவில் வரை ஓட்டியதைச் சொல்லலாம்.

இன்னொரு கட்சி உண்டு. ‘இத்தனை வருஷம் மாத்தலைன்னா இனிமே மாத்தாதீங்க, மாத்தினா பெட்டி போயிரும்’ என்பது அதன் கொள்கை. இது முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. பெட்டி வழுக்கத் தொடங்கிய பிறகே பலர் ஆயிலை நினைக்கிறார்கள். மாற்றுகிறார்கள். ஒரு மாதத்தில் பெட்டி போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பழம் முன்னமே பழுத்திருந்தது என்பதைக் காக்கையால் நிறுவ முடிவதில்லை.

செய்முறை

நூலுக்குக் காப்புச் செய்யுள் எப்படியோ, காருக்கு ஸ்டாண்ட் அப்படி. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. இவ்வொரு வாக்கியத்தில் அங்கதம் இல்லை.

கார் சமதளத்தில் நிற்க வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் ஒரு குரலில் சொல்கிறார்கள். அவர்கள் மடிப்பாக்கத்தில் வீடு கட்டியதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் போர்ட்டிகோ ஒவ்வொன்றும் ஒரு சிறு மேடையாக உயர்ந்துவிட்டது. கார் ஏறும் சாய்தளத்தில் தேங்காய் வைத்தால் எதிர் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆகவே அவிழ்ப்பது மேடையில், அளப்பது தெருவில் என்று பிரித்துக்கொண்டேன்.

அடியில் படுத்தவனுக்கு முதலில் தெரிவது எல்லாம் ஒன்றே என்ற உண்மை. என்ஜின் ஆயில் சேம்பருக்கு ஒரு போல்ட், கியர் பாக்ஸுக்கு ஒரு போல்ட், இரண்டும் மண் பூசிய இரட்டையர். இங்கே தவறி என்ஜின் ஆயிலை வடித்து, கியர் பாக்ஸுக்குள் புது ஆயிலை ஊற்றி, ஒன்றில் சூனியமும் மற்றதில் இரட்டிப்புமாக வண்டியை எடுத்தோர் உலகெங்கும் உண்டு. ஹோண்டா இதில் கருணை காட்டியிருக்கிறது. அதன் ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பலவற்றில் வடிகால் போல்ட்டுக்கு ஆறுபட்டைத் தலைக்குப் பதிலாக ஒரு சதுரக் குழி. 3/8 அங்குல ராட்செட் நேரே உள்ளே போகும். வேறெந்தப் போல்ட்டையும் அதனோடு மயங்க முடியாது. மூடும்போது 49 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்கிறது கையேடு. டார்க் ரெஞ்ச் இல்லாதோர் பொருட்டு இதை விளக்கினால், ஒரு மீட்டர் நீளக் கம்பியை மாட்டி அதன் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு துல்லியமாக அதுவே. அரிசி புழுங்கலா பச்சையா என்பதில் வேறுபாடில்லை. எங்கள் மெக்கானிக் ரெஞ்சும் வைத்துக்கொள்வதில்லை, அரிசியும் தூக்குவதில்லை. “கைக்குத் தெரியும் சார்” என்கிறார். ரசத்துக்கு உப்பு போடும்போது என் அம்மாவும் இதையேதான் சொல்கிறாள்.

போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். அதில் திருநீற்றைக் குழைத்தது போலச் சாம்பல் நிறப் பூச்சு ஒட்டியிருந்தால் அது தேய்மானத்தின் இயல்பு. துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஊசியோ சில்லோ கண்ணாடித் துண்டு போல மின்னினால் ஆயில் மாற்றுவதை நிறுத்திவிட்டுப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும். எனக்குத் திருநீறுதான் கிடைத்தது. நெற்றியில் இடுவதிலிருந்து மயிரிழையில் தப்பினேன்.

இனி நூலின் தலையாய விதி. வெளிவாயிலைத் திறக்குமுன் உள்வாயில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊற்றும் போல்ட்டை முதலில் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். இவ்விதியை நான் எங்கும் படிக்கவில்லை. என்னை வைத்தே வகுத்தேன். எங்கள் கார் ஜப்பானிய வம்சம், 5 கியர், இரண்டாம் கை என்பதோடு அதன் அடையாளத்தை நிறுத்திக்கொள்கிறேன். ஞாயிறு காலை 7 மணிக்கு ஆயிலை வடித்தேன். சூடாக, வெல்லப்பாகு நிறத்தில், 2.5 லிட்டர் அழகாக இறங்கியது. பிறகு பக்கவாட்டில் இருந்த ஊற்றும் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். அது திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. மத்தியானம் வரை அப்படியே இருந்தோம்.

வடித்த காரை ஓட்ட முடியாது, ஊற்றாத காரை இறக்கியும் பயனில்லை. மூன்று நாள் ஆட்டோவில் போனேன். மிச்சமான கூலி எங்கே போயிற்று என்று பாயிரத்தில் எழுப்பிய ஐயத்துக்கு விடை இங்கே. புதன்கிழமை மெக்கானிக் வந்தார்.

“என்ன சார், மூணு நாளா ஸ்டாண்டுல நிக்குதாம்?”

“ஊத்துற போல்ட் வரமாட்டேங்குதுப்பா.”

அவர் கீழே குனியவே இல்லை. பானெட்டைத் திறந்தார். மஞ்சள் வளையத்தைப் பிடித்து டிப் ஸ்டிக்கை உருவினார். “இந்த ஓட்டையில ஊத்துங்க சார்” என்றார். அது சின்ன ஓட்டை. நீண்ட மூக்குள்ள புனல் வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய் காலத்துப் புனல் ஒன்று பரணில் இருந்தது, அதில் ரப்பர் குழாய் மாட்டினோம். வந்தது எவ்வளவோ அவ்வளவே போக வேண்டும் என்பதால் அளவு ஜாடி தேவைப்பட்டது. கேக் செய்வதற்கென்று மனைவி வாங்கி வைத்திருந்தது சமையலறையில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். திருப்பிக் கொண்டுபோனபோது, “அது இனிமே உங்களோடதே” என்றாள்.

அளவு பார்ப்பதில் இரு பெருங்கட்சி. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும் என்பது டொயோட்டா முதலான பெரும்பான்மைக் கட்சி. நன்றாகச் சூடாக்கி, அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும் என்பது ஹோண்டா மதம். ஒருவர் சமயத்தை மற்றவர் காரில் அனுசரித்தால் அளவு பொய்யாகும். குறைவாக ஊற்றினால் பம்பு காற்றை உறிஞ்சும். அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும், அந்த நுரையிலும் காற்றுதான். இருவழியிலும் கிளட்ச் வழுக்கும்.

டிப் ஸ்டிக்கே இல்லாத புதுக் கார்கள் மூன்றாம் கட்சி. அவற்றில் திரவம் குறித்த வெப்பத்தில் இருக்கும்போது ஒரு போல்ட்டைத் திறந்து, மெல்லிய இழையாக வழிந்து நின்றால் அளவு சரி என்று கொள்ள வேண்டும். பல டொயோட்டா மாடல்களில் அந்த வெப்பம் 35 முதல் 45 டிகிரி. குளிர்ந்த காரைக் கிளப்பி, மெல்லச் சூடேறி வரும்போது அந்த இடைவெளியில் பிடித்துக்கொள்வதே ஜப்பானியர் எண்ணம். 2003 மே 31 அன்று சென்னையில் நிழலிலேயே 45 டிகிரி பதிவாயிற்று. அன்று சாவியே போடாத காரும் இந்தச் சோதனையின் மேல் எல்லையில் நின்றிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் இத்தொழிலை அதிகாலையில் செய்வது உத்தமம். அப்போதும் ஜாதகம் பார்க்கத் தேவையில்லை, தெர்மாமீட்டர் போதும்.

வினைக் கொள்கை

இவ்வளவும் செய்து முடித்தவன் ஆயிலை மாற்றிவிட்டதாக நம்புகிறான். மாற்றவில்லை. எங்கள் பெட்டி கொள்வது சுமார் 6 லிட்டர். கீழே வந்தது 2.5. மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் வாய்க்கால்களிலும் கூலரிலும் தங்கிவிட்டது. புதிது ஊற்றியதும் பழையதோடு கலந்துவிடுகிறது.

பெரியோர் வினையை மூன்றாகப் பகுத்தது இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. கன்வெர்ட்டருக்குள் கிடக்கும் 3.5 லிட்டர் பழவினை, அதாவது சஞ்சிதம். போல்ட்டைத் திறந்ததும் வந்து விழுந்த 2.5 லிட்டர் நுகர்வினை; அதுதான் அனுபவித்துத் தீர்ந்தது. நாளைக் காலை வேளச்சேரியில் சேரப் போகும் அழுக்கு ஏறுவினை. இரண்டு வாரம் ஓட்டி மறுபடி வடித்து மறுபடி ஊற்றினால் பழையது 34 சதவீதமாகக் குறையும். மூன்றாம் முறை 20. நான்காம் முறை 11.6. ஒவ்வொரு முறையும் நேற்று காசு கொடுத்து ஊற்றிய புது ஆயிலில் ஒரு பங்கையும் சேர்த்தே வடிக்கிறோம். பூஜ்யம் வருவதே இல்லை. பத்து முறை செய்தாலும் தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலில் ஏறக்குறைய 27 மில்லி உள்ளே இருக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குச் சரியாகப் போதும்.

முன்பு முத்திக்கு வழி இருந்தது. பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் கன்வெர்ட்டருக்கே ஒரு வடிகால் போல்ட் இருந்தது. அதையும் திறந்தால் வினை பெரும்பாலும் ஒழிந்தது. செலவு கருதி அந்த வாயிலை அடைத்துவிட்டார்கள். இப்போது பெரிய ஷெட்களில் கூலர் குழாயைப் பிரித்து இயந்திரத்தை மாட்டி, பழையது ஒருபக்கம் போகப் புதியது மறுபக்கம் வரச் செய்கிறார்கள். டயாலிசிஸ் போல. ஆயில் இரட்டிப்பாகச் செலவாகும். நான் நான்கு முறை வடிப்பதென்று தீர்மானித்தேன், 11.6 சதவீதத்தோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதுதான் எனக்கும்.

நான்கு வடிப்பில் 10 லிட்டர் பழைய ஆயில் மினரல் வாட்டர் பாட்டில்களில் சேர்ந்தது. எதிர் வீட்டுப் பெரியவர் கேட்டுக்கு விடக் கொஞ்சம் கேட்டார். மேல் வீட்டம்மாவுக்குக் கரையான் தொல்லை, வேலியோரம் ஊற்றலாமா என்றார்கள். கழிவு எண்ணெய் அபாயகரக் கழிவு. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே போக வேண்டும். மண்ணில் ஊற்றினால் கரையானுக்குப் பின் கிணறுதான் அடுத்தது என்று விளக்கினேன். பெரியவர் முழுவதும் கேட்டுவிட்டு, “ஒரு கால் லிட்டர் போதும் தம்பி” என்றார். மீதியை மெக்கானிக் தம் டிரம்மில் சேர்த்துக்கொண்டார். எண்ணெய் எடுக்கும் வண்டி அவரிடம் வரும்.

நான்காம் முறை முடிந்த மறுநாள் காலை போர்ட்டிகோ டைல்ஸில் மூன்று சொட்டு. ரோஸ் சிரப் நிறம், கலப்படமற்றது. முறுக்கு சரியாக வைத்தேனே என்று கம்பியையும் அரிசிப் பையையும் எடுத்துக்கொண்டு மீண்டும் அடியில் போனேன். மெக்கானிக் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாஷர் புதுசு போட்டீங்களா சார்?”

நாலு தடவையும் அதே வாஷர்தான். அலுமினியம், ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும்.